பிடித்த மீனையெல்லாம் விட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா,

சிவகங்கைப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேரை ஊர்க் கண்மாய்க்கு அழைத்துப்போய்த் தூண்டில் போடக் கற்றுத்தர ஆசை. பிடிக்கும் மீனையெல்லாம் திரும்ப விடச் சொன்னால், மீன்வளத்தைக் காக்கும் பாடமாகவும் ஆகிவிடும் அல்லவா?

- ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டாயம் அழைத்துப்போங்கள். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை (மீன்பாசி) குத்தகை எடுத்தவரிடமும் ஊராட்சியிலும் முதலில் கேட்டுவிடுங்கள். மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கும். எந்தக் கரை ஆழமில்லாதது என்றும் அவர்களே சொல்வார்கள்.

ஆனால் எல்லா மீனையும் விடச் சொல்லாதீர்கள். தூண்டிலில் அதிகம் மாட்டப்போவது ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. இரண்டு மூன்று மாதத்திலேயே சினை பிடிக்கும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் அழிவு குறைவு. கண்மாய் முழுக்க உள்ளங்கை அளவு ஜிலேபியாக நிறைந்து, நம் மீன்களுக்கு இரையும் இடமும் இல்லாமல் போகும். அதைக் குழம்புக்கு அனுப்புவதுதான் சரி. உயிரோடு வேறு குளத்துக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரால் கதை வேறு. மழைக்காலத்தில் கரையோரம் தூறல் விழுந்தாற்போல் ஓரிடத்தில் மட்டும் நீர் பொரியும். உற்றுப் பார்த்தால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போகும். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அங்கே தூண்டில் விழுந்தால் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும், குஞ்சைக் காக்க. அதைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. அந்த இடத்தைப் பிள்ளைகள் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், தூண்டில் வேண்டாம். வேறு இடத்தில் ஒரு அடிக்குக் குறைந்த விரால் மாட்டினால் விடச் சொல்லுங்கள். தொடுமுன் கையை நனைக்க வேண்டும். காய்ந்த கை பட்டால் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து புண்ணாகும்.

தூண்டிலுக்கு ஆறடி மூங்கில் கழி, அதே நீள நைலான் நரம்பு, சிறிய முள், ஒரு தக்கை. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் வாயிலிருந்து எளிதாகக் கழலும், பிள்ளைகளின் விரலில் ஏறினாலும் தசையைக் கிழிக்காது. ஈயக்குண்டு முள்ளுக்கு ஒரு சாண் மேலே. எடை கூடினால் தக்கை முழுகும், குறைந்தால் படுத்துவிடும்; பாதி மூழ்கி நிமிர்ந்து நிற்க வேண்டும். புழு தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு, தக்கை நடுங்கியதும் இழுப்பது. அப்போது மீன் கொறித்துக்கொண்டுதான் இருக்கும். தக்கை முழுகினாலோ ஒரு பக்கமாக நகர்ந்தாலோ இழுக்கச் சொல்லுங்கள். தாமதமானால் முள்ளை விழுங்கிவிடும். விட வேண்டிய மீனாக இருந்தால் தோண்டி எடுக்காமல், வாயருகே நரம்பை வெட்டி விடுங்கள்.

அறுந்த நரம்பு கொக்கின் காலில் சுற்றினால் அது பறக்க முடியாமல் சாகும். வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். முட்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மீனோடு போனவை நீங்கலாக ஒன்று குறைந்தாலும் தேடி எடுத்த பிறகே கிளம்புங்கள். மாலையில் அந்தக் கரையில்தான் மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும்.