பழைய இறுவட்டுகளைக் கைத்தொலைபேசியில் கேட்க எந்த மென்பொருளால் பிரதி எடுப்பது நல்லது?

அலுமாரியில் உள்ளவற்றை ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என் தந்தையார் சேர்த்த நாதஸ்வர, தவில் இறுவட்டுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர் என்பதால், அவற்றை எவரையும் தொட விடமாட்டார். அவர் காலமான பின், கணினியில் ஏற்கெனவே இருந்த பிளேயரைக் கொண்டே எல்லாவற்றையும் இரண்டு நாளில் எம்பி3 ஆக்கினேன். சில மாதங்கள் கழித்து வவுனியா பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகையில், தவில் தனி அதன் முடிப்பான தீர்மானத்தை நெருங்கும் இடத்தில் 'டிக்' என்று ஓர் ஒலி வந்தது. கழியின் அடி என்றே முதலில் நினைத்தேன். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தால் அது எந்த எண்ணிக்கைக்குள்ளும் அடங்கவில்லை.

கீறல் விழுந்த இடத்தைச் சரியாக வாசிக்க முடியாதபோது டிரைவ் அக்கம்பக்கத்து ஒலியைக் கொண்டு இட்டு நிரப்பிவிடும். அப்படி நடந்ததைச் சொல்லாத மென்பொருள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஆகவே விண்டோஸ் என்றால் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', லினக்ஸ் என்றால் 'சிடிபரனோயா' என்பதே என் பதில். முன்னது ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரு முறை வாசித்து, முரண்பட்டால் 82 தடவை வரை மீண்டும் வாசித்து, அப்போதும் ஐயமிருந்தால் எந்த நிமிடம், எந்த விநாடி என்று எழுதிக் காட்டும். அந்தத் தவில் தனியைப் பிரதி எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தும் ஓரிடம் ஐயமாகவே நின்றது. தட்டைச் சவர்க்கார நீரில் கழுவி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தபின் பிழையின்றி வந்தது.

எம்பி3 என்பது ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துச் சுருக்கும் வடிவம். அதில் விநாடிக்கு 128 கிலோபிட்டுக்கும் அதற்கு மேலானதற்கும் காதுக்கு வேறுபாடு தெரியாது என்பவர்களுடன் வாதிட நான் வரவில்லை. ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் ஒரு மூலப்பிரதி வைத்திருந்தால், பஸ்ஸில் கேட்கும் எம்பி3ஐ அதிலிருந்து எத்தனை முறையும் எடுக்கலாம். அது இறுவட்டின் அளவில் ஏறத்தாழப் பாதி இடத்தைத்தான் பிடிக்கும்.

ஆனால் ஒன்றுக்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை. நகரில் ஒரு கடையில் 'ஒரிஜினல்' என்று சொல்லித் தந்தையாருக்கு விற்ற சில தட்டுகள், எம்பி3 கோப்புகளையே மறுபடி இறுவட்டாக்கியவை என்பது பின்னர்தான் தெரிந்தது. முழு விலை வாங்கிய மனிதருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை போலும். பலர் எடுத்த பிரதிகளின் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்துவைத்திருக்கும் அக்யுரேட்ரிப் தரவுத்தளமும் இவற்றுக்கு உதவாது, ஏனெனில் வேறொருவர் அதே இறுவட்டைப் பிரதி எடுத்திருந்தால்தான் அதில் ஒப்பிட முடியும். இரு முறை வாசித்துச் சரிபார்ப்பு எண்கள் ஒத்துவருகின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைகளில் பதிந்து வாங்கியவை உங்களிடமும் இருந்தால் முதலில் அவற்றை எடுங்கள். என்னிடமிருந்த அத்தகைய தட்டுகளில் மூன்றை இப்போது எந்த டிரைவும் வாசிப்பதில்லை.