எங்கள் தோப்பின் வழியே வரும் 400 கே.வி. மின்பாதை உண்மையிலேயே தேவைதானா?

பர்கூர் பக்கத்து மா விவசாயி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பெங்களூரா மாந்தோப்பின் நடுவே 400 கே.வி. உயர்மின் கோபுரம் வரப்போவதாகச் சொல்லி, சர்வேக்காரர்கள் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏற்கெனவே ஒரு 400 கே.வி. லைன் ஓடுகிறது. அதில் பாதிச் சுமைதான் போகிறது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அப்படியிருக்க இன்னொரு லைன் எதற்கு? இதை யாரிடம், எப்படிக் கேட்பது? கேட்டால் பயன் உண்டா?"

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் 'பாதிச் சுமை' வாதத்தை முதலில் உரசிப் பார்த்துவிடுவோம். அதை அப்படியே கொண்டுபோனால், எதிரே இருக்கும் பொறியாளர் ஒரே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார்.

மத்திய மின்சார ஆணையம், மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் மின்தொடர்ப் பாதைகளைத் திட்டமிடுவதற்கென ஒரு நெறிமுறைக் கையேட்டை வகுத்துள்ளது. 2013-இல் வந்த அந்தக் கையேடு 2023-இல் திருத்தப்பட்டது. அதன் ஆதார விதியைப் பொறியாளர்கள் 'என் மைனஸ் ஒன்று' என்பார்கள்: இருக்கிற சர்க்யூட்டுகளில் (தனித்தே மின்சாரம் கொண்டுபோகும் கம்பித் தொகுதிகளில்) ஏதேனும் ஒன்று திடீரென்று அறுந்தாலோ நின்றாலோ, மீதமுள்ளவை அதன் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டும், எங்கும் மின்சாரம் தடைப்படக் கூடாது. இரண்டு சர்க்யூட்டுகள் ஒவ்வொன்றும் 800 மெகாவாட் தாங்கக்கூடியவை என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் தலா 400 மெகாவாட்தான் ஓடலாம். ஒன்று போனால் மற்றொன்றில் முழு 800-உம் ஏறிவிடும். ஆகவே இரட்டைச் சர்க்யூட் பாதை பாதிச் சுமையில் ஓடுவது வீணடிப்பு அல்ல, அதுவே அதன் நிறைசுமை. ஆனால் அதே ஊர்களை ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள மூன்று சர்க்யூட்டுகள் இணைக்கின்றன, அவையும் பாதிச் சுமையில்தான் ஓடுகின்றன என்றால் கதை வேறு. ஒன்று நின்றால் மற்ற இரண்டும் முக்கால் சுமைக்குத்தான் வரும். கால் பங்கு இன்னும் மிச்சம் இருக்கும். அங்கே உங்கள் கேள்விக்கு உயிர் உண்டு. எனவே, அந்த லைனில் எவ்வளவு ஓடுகிறது என்பதோடு, அதே இரு முனைகளுக்கிடையே மொத்தம் எத்தனை சர்க்யூட்டுகள் உள்ளன என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சராசரிச் சுமையை வைத்தும் வாதிட வேண்டாம். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. மே முதல் செப்டம்பர் வரை தென்மாவட்டக் காற்றாலைகளின் மின்சாரமும் வலையமைப்புக்குள் பாய்கிறது. பாதையை வடிவமைப்பது அப்படிப்பட்ட நாள்களுக்காகத்தான். ஆண்டின் மிக உயர்ந்த சுமை எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதே கேட்க வேண்டிய விவரம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு மின்பாதையின் தேவை பெரும்பாலும் இரண்டு வழிகளில் பிறக்கிறது: ஒரு பகுதியில் மின்பயன்பாடு கூடுவதால், அல்லது எங்கோ உற்பத்தியாகும் மின்சாரத்தை வேறெங்கோ கொண்டுபோக வேண்டியிருப்பதால். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி பக்கம் சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிந்துகொண்டே போவதை நீங்களே பார்க்கிறீர்கள். அவற்றுக்காகத்தான் பாதை என்றால், தேவை இல்லை என்று நிறுவுவது கடினம். தருமபுரியிலோ 765/400 கே.வி. துணைமின் நிலையம் இருக்கிறது; தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் இணைக்கும் பெரும் பாதைகள் சந்திக்கும் முடிச்சு அது. உங்கள் தோப்பைக் கடக்கப்போவது அப்படி வேறு மாநிலத்துக்கோ வேறு மண்டலத்துக்கோ போகும் பாதையாக இருந்தால், அதன் நியாயம் முழுவதும் மறுமுனையில் உள்ள மின் நிலையம் வருகிறதா இல்லையா என்பதையே நம்பியிருக்கிறது.

நிலையம் வராமல் போவதும் உண்டு. 2010-இல் தனியார் மின் நிலையங்களை நம்பி, நாட்டின் பல பகுதிகளில் உயர்திறன் மின்வழித்தடங்களுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்தது. அவற்றுக்கு அடிப்படையாக இருந்த நிலையங்களில் பல தாமதமாயின, சில கைவிடப்பட்டன. தூத்துக்குடிப் பகுதி நிலையங்களின் மின்சாரத்தை வடக்கே கொண்டுவர, தருமபுரி வழியாகக் கர்நாடகத்தின் மதுகிரி வரை வகுக்கப்பட்ட பாதையை 765 கே.வி. அளவுக்குக் கட்டி, தொடக்கத்தில் 400 கே.வி.யில் இயக்குவதென்றே திட்டமிட்டார்கள். எதிர்காலத்தை எண்ணிப் பெரிதாகக் கட்டுவதில் தவறில்லை. ஒரே நிலத்தை இரண்டு முறை உழக்காமல் இருக்க அது உதவும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த எதிர்காலம் எந்த ஆண்டில், எந்த நிலையத்தை நம்பி வரும் என்று கேட்கும் உரிமை, கோபுரம் நிற்கும் நிலத்துக்காரருக்கு நிச்சயம் உண்டு.

இந்தக் கேள்விக்கான விடை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்காது. உங்கள் வயலில் கல் விழுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, வேறு கூட்டங்களில் அது முடிவாகியிருக்கும். மாநிலங்களுக்கிடையிலான பாதை என்றால், மத்திய மின்தொடர் நிறுவனம் ஆய்வு செய்து, தென்மண்டல மின் குழுவின் கருத்தைக் கேட்டு, தேசிய மின்தொடர்க் குழுவின் முன் வைக்கும். 2021 அக்டோபர் ஆணைப்படி, 100 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களை மத்திய மின்தொடர் நிறுவனமே ஏற்கலாம். 100 முதல் 500 கோடி வரையிலானவற்றைத் தேசியக் குழு ஏற்கும். அதற்கு மேற்பட்டவை மத்திய மின் அமைச்சகத்துக்குப் போகும். இக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்தில் வெளியாகின்றன, அவற்றில் உங்கள் பாதையின் பெயரைத் தேடுங்கள். மாநிலத்துக்குள்ளான பாதை என்றால் தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகமே திட்டமிடும். அதன் முதலீடும் கட்டணமும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வரும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். இரண்டில் உங்களுடையது எது என்பதை, சர்வே செய்தவர்களிடம் உள்ள அனுமதி ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுத்தில் வாங்கினாலே அறியலாம்.

குறிப்புகள் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாள்களுக்குள் வர வேண்டும். கட்டுமானத்தை ஏலத்தில் எடுத்த தனியார் நிறுவனத்துக்கு எழுதிப் பயனில்லை. மத்திய மின்தொடர் நிறுவனத்துக்கோ மத்திய மின்சார ஆணையத்துக்கோ எழுதுங்கள். "இந்தத் திட்டம் ஏன் வந்தது?" என்று கேட்டால், கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, ஆவணம் மட்டுமே தருவோம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இப்பாதைக்காகச் செய்த லோட் ஃப்ளோ (மின்சுமைப் பாய்வு) ஆய்வின் நகல், அதில் பாதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தச் சர்க்யூட்டில் எவ்வளவு சுமை ஏறும் என்ற முடிவுகள், எந்த மின்தேவைக் கணிப்பை எடுத்துக்கொண்டார்கள் என்ற விவரம், பரிசீலித்த மாற்று வழிகள், இணைப்புக் கேட்டு விண்ணப்பித்த மின் நிலையங்களின் தற்போதைய நிலை. மின்தேவைக் கணிப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். எதிர்கால மின்தேவையைக் கணிக்கும் மத்திய மின்சார ஆணையத்தின் பத்தொன்பதாவது மின் ஆய்வு 2017-இலும், இருபதாவது 2022-இலும் வந்தன; பழைய கணிப்பை வைத்துப் போட்ட கணக்கைப் புதியதை வைத்து மறுபடியும் போட்டார்களா என்று கேட்பது எந்தப் பொறியாளரும் மதிக்கும் கேள்வி.

மாற்று வழிகள் என்றதும், கேரளத்தில் சாலையோரம் கேபிள் புதைத்தார்களே என்று நம் மாவட்டங்களில் பலர் கேட்கிறார்கள். புகளூர்–திருச்சூர் பாதையின் ஒரு பகுதி அப்படிப் புதைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது 320 கே.வி. நேர்மின்னோட்டப் பாதை. 400 கே.வி. மாறுமின்னோட்டத்தை நெடுந்தூரம் கேபிளில் அனுப்பினால், கேபிளை மின்னேற்றி வைக்கவே பெரும் மின்னோட்டம் போய்விடும். செலவும் பல மடங்கு. அதைவிட வலுவான மாற்று, பழைய கோபுரங்களிலேயே பழைய கம்பியை எடுத்துவிட்டு, அதிக வெப்பம் தாங்கிக் குறைவாகத் தொய்யும் புதுவகைக் கம்பியை ஏற்றுவது. ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் வரை அது தாங்கும்; ஒரு மாமரத்தையும் வெட்ட வேண்டாம். உங்கள் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள லைனுக்கு இதை ஆராய்ந்தார்களா என்பதே நீங்கள் கேட்கக்கூடிய மிகக் கூர்மையான கேள்வி. பழைய பாதையை ஒட்டியே, நான்கு சர்க்யூட்டுகளை ஒன்றாகத் தாங்கும் கோபுரங்கள் நிறுத்துவதைப் பற்றியும் கேளுங்கள்.

ஆட்சேபம் சொல்லும் வாசல்கள் குறைவு, அவையும் விரைவில் அடைபடும். மின்பாதைகள் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் இல்லை. எனவே கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்காது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்கீழ், பிறர் நிலத்தில் கம்பி போடத் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தைக் கோரும் நிறுவனம், பாதை கடக்கும் கிராமங்களின் பெயர்களோடு செய்தித்தாளில் அறிவிப்புத் தந்து, இரண்டு மாதத்துக்குள் கருத்தைத் தெரிவிக்கச் சொல்லும். புதிதாக உரிமம் கோரும் நிறுவனமாக இருந்தால், 15-ஆம் பிரிவின்படி அறிவிப்பு வந்த 30 நாள்களுக்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஆட்சேபம் அனுப்பலாம். பாதை காப்புக்காட்டைத் தொட்டால், வன அனுமதிக்கான விண்ணப்பத்தில் மாற்றுத் தடங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்த ஆவணம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் கிடைக்கும். காட்டு மரத்துக்குக் கிடைக்கும் அந்த ஒப்பீடு தோப்பு மரத்துக்குக் கிடைப்பதில்லை என்பது கசப்பான உண்மை.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். 164-ஆம் பிரிவின் அதிகாரம் கிடைத்துவிட்டால் நில உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும், மின்பாதைகளுக்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதியே தொடரும் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே தேவையைக் கேள்வி கேட்பதால் மட்டும் வேலை நிற்காது. தொடக்கத்திலேயே, நல்ல ஆவணங்களோடு கேட்டால் தடம் நகரவும், பாதை தள்ளிப்போகவும், சில வேளை மாற்று வழி ஆராயப்படவும் வாய்ப்புண்டு; கோபுர அடித்தளம் தோண்டிய பிறகு கேட்டால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

அதனால் இழப்பீட்டை இதோடு சேர்த்தே பாருங்கள். 400 கே.வி. பாதையின் அகலம் 46 மீட்டர். உங்கள் தோப்பில் 100 மீட்டர் நீளத்துக்குக் கம்பி போனால், ஒரு ஏக்கருக்குச் சற்று அதிகமான இடத்தில் மாவும் தென்னையும் நிற்க முடியாது. மத்திய அரசின் 2015 வழிகாட்டுதல் கோபுர அடித்தள நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதமும், கம்பிக்குக் கீழுள்ள இடத்துக்கு 15 சதவீதம் வரையும் என்றது. 2024 ஜூன் வழிகாட்டுதல் அவற்றை 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தியது. மாநில அரசின் நடப்பு ஆணையில் எந்த விகிதம் உள்ளது என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மரங்களின் எண்ணிக்கை, வயது, காய்ப்பு ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரை வைத்து இப்போதே பதிவு செய்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தொகை போதாதென்றால், தந்திச் சட்டத்தின் 16(3) பிரிவின்கீழ் கிருஷ்ணகிரி மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம்; பணத்தைப் பெறும்போது 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்' என்று ரசீதில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.