புவித் தொல்லியல் படிக்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அகழாய்வு என்றால் அவளுக்கு உயிர். வெறும் தொல்லியல் படித்தால் வேலை கிடைக்காது என்று சொல்லி, ஓர் ஏஜென்ட் ‘புவி அறிவியலும் புவித் தொல்லியலும்’ என்ற வெளிநாட்டுப் பட்டப்படிப்பைக் காட்டுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால்தான் சீட்டாம். மகள் கணக்கில் சுமார்தான். சேர்க்கலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை போகட்டும். பணம் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தமிழில் குழப்பம் பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பள்ளியில் புவியியல் என்று நாம் படித்தது ஜியாகிரபி. பாறை, படிவு, மண் எல்லாம் நிலவியல், அதாவது ஜியாலஜி. இரண்டையும் மாற்றிப் போட்டு விண்ணப்பித்துவிட்டு முதல் வகுப்பில் திருதிருவென்று விழித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நிலவியல் கண்ணோடு அகழாய்வுக் குழியைப் பார்ப்பதுதான் புவித் தொல்லியல். பானை ஓட்டைத் தொல்லியல்காரர் பார்த்துக்கொள்வார். அது கிடந்த மண்ணை ஆறு கொண்டுவந்ததா, காற்று கொட்டியதா, மனிதர் நிரப்பியதா என்பதைச் சொல்வது புவித் தொல்லியல்காரர் வேலை.

சீனாவின் ஜோகோதியன் குகையில் தடித்த அடுக்குகள் சிலவற்றை ஆதிமனிதர் அடுப்புச் சாம்பல் என்றே பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998-இல் வெளியான ஆய்வு, அந்த மண்ணை நுண்ணோக்கியில் பார்த்து, அது தண்ணீர் கொண்டுவந்து படிய வைத்த வண்டல் என்றது. அங்கே தீயே இல்லை என்று ஆகிவிடவில்லை. அடுப்பு என்ற சான்றுதான் விழுந்தது.

கணக்கைப் பற்றிப் பயம் வேண்டாம். கரி, எலும்பு போன்றவற்றின் வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்பில் வரும் 5,730 ஆண்டு அரைவாழ்வை, அதாவது கதிரியக்கக் கரிமம் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை, புரிந்துகொள்ளப் பள்ளிக் கணக்கு போதும். வேதியியலைத்தான் விட்டுவிடக் கூடாது. அதைவிட முக்கியம், மண்ணைத் தொட அருவருப்பு இருக்கக் கூடாது. குழியின் சுவரைக் கொத்துக்கரண்டியால் சீவித் தண்ணீர் தெளித்தால் அடுக்குகளின் நிறம் எழும்பி வரும். ஒரு சிட்டிகை மண்ணை ஈரமாக்கி விரலில் தேய்த்தால், மணல் நறநறக்கும், வண்டல் மாவு மாதிரி வழுக்கும், களிமண் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. நானும் கடித்திருக்கிறேன்.

இனி ஏஜென்ட். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் இவருக்குக் கமிஷன் தரும். கமிஷன் தராத இடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் பெயர் இவர் வாயில் வராது. ‘சேவை இலவசம்’ என்பதன் அர்த்தம் அதுதான். இன்னொரு தந்திரம், விண்ணப்பத்தில் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுக்கொள்வது. பல்கலைக்கழகம் என்ன எழுதியது, கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அந்த ‘வெள்ளிக்கிழமை’ அங்கிருந்துதான் பிறக்கிறது. விண்ணப்பம் மகளின் மின்னஞ்சலில், மகளின் கடவுச்சொல்லில் இருக்க வேண்டும். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும்.

பட்டத்தின் பெயரில் மயங்காதீர்கள். ‘புவித் தொல்லியல்’ என்று பலகை மாட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு விருப்பப் பாடமாக அதை வைத்திருக்கும் துறைகள் உண்டு. பாடத்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். படிவியல், கனிமவியல், மண்ணியல், அடுக்கியல் நான்கும் கட்டாயப் பாடமா? களப்பயிற்சி எத்தனை நாள், செலவு யாருடையது? பாறையையும் மண்ணையும் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வுக்கூடம் அங்கேயே இருக்கிறதா? என்னைக் கேட்டால் இளநிலையில் நல்ல நிலவியல், முதுநிலையில் புவித் தொல்லியல். 1863-இல் பல்லாவரத்தில் கல்லாயுதத்தை அடையாளம் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் நிலவியல்காரர்தான்.

சரி, மகள் பிடிவாதமாகத் தொல்லியலோ வரலாறோதான் முதலில் படிப்பேன் என்றால்? அப்போதும் கதவு மூடிவிடாது. முதுநிலையில் இந்தப் பக்கம் வரலாம். விட்டுப்போன நிலவியல் பாடங்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். ஆனால் நேராகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடக் கூடாது. வரலாறு படித்த ஒரு பெண் என்னிடம் சேர வந்தாள். குழிச் சுவரை வாசிப்பதில் என் நிலவியல் மாணவர்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டாள். ‘அறிவியல் பட்டம் இல்லை’ என்று அலுவலகம் அவள் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பியது. கலைப்புலம் ஒரு கட்டடம், அறிவியல் புலம் ஒரு கட்டடம், நடுவில் இருக்கும் பாடத்துக்கு எந்த மேசையிலும் கோப்பு கிடையாது! மண்ணுக்கு இந்தப் புலமெல்லாம் தெரியுமா? அதனால் முதலில் பாடம் எடுக்கும் பேராசிரியருக்கு எழுத வேண்டும். அவர் சம்மதக் கடிதம் தந்த பிறகு அதையும் இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். அவர் விரும்பினால் அலுவலகத்தோடு சண்டை போடுவார்.

இப்போதைக்கு, அந்த வெளிநாட்டுத் துறைக்கு மகளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். போன வருடக் களப்பயிற்சிக்கு மாணவர்கள் எங்கே போனார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்று மட்டும் கேட்டால் போதும். அப்புறம், ஏஜென்ட்டிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள்.