லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மறுவாசிப்பு: கேள்வி பதில்

கேள்வி: டோல்கீனின் இந்த நாவலின் முதல் பாகத்தில் ஹாபிட்டுகள் எனும் குள்ள மனிதர்கள் காட்டில் தூங்குவதைப் பார்த்து ஒரு நரி ஆச்சரியப்படுகிறது. கதையை எழுதி வைத்தவன் அவர்களில் ஒருவனான ஃப்ரோடோ என்றால், அது அவனுக்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரிய வழியே இல்லை. தொடக்க அத்தியாயங்களில், டோல்கீன் முன்பு எழுதிய 'ஹாபிட்' நாவலின் சிறுவர் கதைத் தொனி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாணவேடிக்கையில் டிராகன் வடிவ வெடி எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி பறந்து போவதும் அப்படித்தான். ரயிலே இல்லாத உலகம் அது! ஆனாலும் அந்த நரியை நீக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: என்னிடம் உள்ள 'ஹாபிட்'டில் மோதிரம் தொலைந்ததும் குகைவாசி கோல்லம், கதாநாயகன் பில்போவைக் கொல்லத் துரத்துகிறான். பழைய பிரதியில் அவனே வழிகாட்டுகிறான் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: இரண்டும் சரி. 1937இல் வந்த முதல் பதிப்பில் விடுகதைப் போட்டிக்குப் பரிசே மோதிரம்தான். தோற்றுப்போன கோல்லம் அதைத் தேடிக் காணாமல், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு, வெளியே போகும் வழியைக் காட்டுகிறான். அப்புறம் அடுத்த நாவலான லார்ட் ஆஃப் தி ரிங்ஸை எழுதும்போது, அந்த மோதிரம் யாரும் லேசில் விட்டுக்கொடுக்க முடியாத பொருளாகிவிட்டது. அதனால் 1951இல் டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். பழையதைத் தூக்கிப் போடாமல், மோதிரம் தனக்கே உரியது என்று காட்டிக்கொள்ள பில்போ சொன்ன பொய்யாக அதைக் கதைக்குள் சேர்த்தார் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மந்திரவாதி கான்டால்ஃப் அந்தப் பொய்யை நம்பவில்லை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முன்னுரையிலேயே இது வருகிறது; பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: தளபதி ஃபாரமிரின் குகையருகே ஃப்ரோடோ பார்க்கும் முழுநிலவும், மினாஸ் டிரித் நகரத்துக்குப் போகும் வழியில் இன்னொரு ஹாபிட்டான பிப்பின் பார்ப்பதும் ஒரே இரவா?

பதில்: ஒரே இரவு. பிப்பின் பக்கத்து அத்தியாயத்திலேயே அதைச் சொல்லும் வரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாகமே மாறிவிடுவதால் கண்ணில் படாமல் போகும். இதற்கு டோல்கீன் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1944இல் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், நிலா ஓரிடத்தில் உதிக்கும்போதே இன்னோரிடத்தில் மறைகிறது, முந்தைய அத்தியாயங்களைத் திருத்துவதிலேயே பிற்பகல் முழுக்கப் போய்விட்டது என்கிறார்.

கேள்வி: எல்ஃபுகள் கடிவாளம் போடாமல் குதிரை ஓட்டுபவர்கள்தானே? குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃபின் குதிரைக்கு மட்டும் ஏன்?

பதில்: அது கவனக்குறைவு. வாசகர் ஒருவர் கடிதத்தில் கேட்டபோது டோல்கீனே ஒப்புக்கொண்டு, அடுத்த பதிப்பில் வாய்க்கம்பி இல்லாத வெறும் தலைவாராக மாற்றினார். கடிவாளம் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது பழைய பதிப்பு. யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள்.