உதவியை ஏற்கலாம், மகளை எழுதிக் கொடுக்க வேண்டாம்

கேள்வி: நான் விசைத்தறித் தொழிலாளி. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 400 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதலிடம் பெற்றிருக்கிறாள். சென்னைத் தொழிலதிபர் ஒருவர் தங்குமிடம், பயிற்சி, சாப்பாடு என எல்லாச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறார். அதற்கு ஈடாக, தன்னைப் பாதுகாவலராக ஏற்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: இப்போது இருக்கும் வடிவில் போட வேண்டாம். அவர் நல்ல மனதோடுதான் வந்திருக்கலாம். ஆனால் நல்ல மனதுக்குப் பாதுகாவலர் உரிமை தேவையில்லை.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் வறுமையில் வளர்ந்த அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர் மைக்கேல் ஓஹரை ஒரு வசதியான குடும்பம் வீட்டில் சேர்த்துக்கொண்டது. 2004-இல், 18 வயதில், அவர் கையெழுத்திட்ட ஒரு சட்ட ஏற்பாடு, அவர் பெயரில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை அக்குடும்பத்திடம் கொடுத்தது. தத்தெடுப்பு என்று நம்பியே கையெழுத்திட்டதாக 2023-இல் அவர் நீதிமன்றம் போனார். பணத்துக்காகச் செய்யவில்லை என்றது குடும்பம். அந்த ஏற்பாட்டை நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது. அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த சோறும் படிப்பும் பொய்யல்ல. ஆனாலும் தன் பெயர் மீதான உரிமையை மீட்க அவருக்குக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆயின.

நம் சட்டப்படி 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903-லேயே, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்திய விஷயம் இது. அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். "பாதியில் விலகினால் செலவழித்த தொகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். மகளைக் கட்டுப்படுத்த முடியாத தாள், அந்த ஒரு வரியால் உங்களைக் கடனாளியாக்கிவிடக்கூடும். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அவர் உண்மையிலேயே உதவ நினைத்தால் வழி எளிது. ஸ்பைக் ஷூ, பயணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றுக்கு அவரே நேரடியாகப் பணம் கட்டட்டும். நிபந்தனையற்ற நன்கொடை என்று ஒரு பக்கக் கடிதம் போதும். வருங்கால வருமானத்தில் பங்கு, விளம்பர உரிமை என்ற பேச்சை மகளுக்கு 18 வயது ஆனபின், அவளுக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு பேசலாம். பிறப்புச் சான்றிதழ், போட்டிச் சான்றிதழ்களின் அசல் உங்களிடமே இருக்கட்டும். கல்லூரியிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அவைதான் ஆதாரம். பெண் குழந்தை என்பதால் இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும்: விடுதியில் பெண் காப்பாளர் உண்டா, முன்னறிவிப்பின்றி நீங்கள் போய்ப் பார்க்கலாமா? தயங்கினால் அனுப்பாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் அரசு வழியையும் தட்டிப் பாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். 11-ஆம் வகுப்பிலும் சேரலாம். கோடையில் தேர்வுப் போட்டி நடக்கும். மாவட்ட விளையாட்டு அலுவலரை இந்த வாரமே பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.