சாப்பாட்டு ஒவ்வாமையால் தசை துடிக்குமா? பாலையும் கோதுமையையும் நிறுத்திப் பார்க்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கெண்டைக்கால், கண் இமை, கட்டைவிரல் என்று மாறி மாறிச் சில மாதங்களாகத் துடிக்கிறது. நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். சாப்பாடுதான் காரணமோ என்ற சந்தேகத்தில் பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்திவிட நினைக்கிறார்.

பாலை நிறுத்திப் பாருங்கள், தப்பில்லை. கோதுமையை மட்டும் தயவுசெய்து இப்போதே நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது என்ன, ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதே துடிப்போடு நீண்ட காலம் வாழ்ந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். "மருத்துவரிடம் போகச் சொல்லாமல் இங்கே வைத்தியம் பார்க்கிறாயா" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மருத்துவர் பார்த்து முடித்த பிறகுதான் இந்தக் கேள்வியே வந்திருக்கிறது.

முதலில் பயத்தைப் பற்றி. இந்தத் துடிப்போடு இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஏஎல்எஸ் என்ற பெயர்தான், தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செத்துப்போகும் நோய். நீங்களும் அதைப் படித்துவிட்டுத்தான் தூங்காமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், இப்படி வெறும் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. அந்த நோயில் முக்கியமானது துடிப்பு அல்ல, பலம் குறைவது. சட்டை பொத்தானைப் போட முடியாமல் போவது, நடக்கும்போது பாதம் தொங்கித் தடுக்குவது, சதை கரைவது, பேச்சு குழறுவது. இவை எதுவும் இல்லாமல் துடிப்பு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தால் அது வேறு கணக்கு.

எனக்குத் தொடங்கியது இடது கெண்டைக்காலில். படுத்த பிறகுதான் அதிகம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் தெரியும். விரலை வைத்து அழுத்தினால் அந்த இடத்தில் நின்று, சற்றுத் தள்ளி ஆரம்பிக்கும். அப்புறம் கட்டைவிரல். போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது விரல் தானாக உள்பக்கம் வெட்டி இழுக்கும், திரையில் ஏதாவது திறந்துகொள்ளும். நரம்பியல் மருத்துவர் குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார், நாக்கை நீட்டாமல் வாய்க்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார். ஈஎம்ஜி என்று தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை செய்யும்போது சதைக்குள் ஊசியைச் செருகிவிட்டுத் தளர்வாக விடச் சொல்வார்கள். தசையின் ஒவ்வொரு துடிப்பும் ஒலிபெருக்கியில் டப் டப்பென்று கேட்கும். அறையில் நானும் அந்தச் சத்தமும்தான். பத்திரமான துடிப்புதான், போய் வாருங்கள் என்றார்கள்.

நிம்மதிதான். ஆனால் துடிப்பு நிற்கவில்லையே. அங்கேதான் எல்லாரும் சாப்பாட்டுக்குத் தாவுகிறோம். தாவுவதில் நியாயமும் இருக்கிறது.

சாப்பாட்டுக்கும் தசைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நேர்வழியில் வருவதில்லை. நீங்கள் சாப்பிட்ட ரொட்டி நேராகப் போய்க் கெண்டைக்காலைத் தட்டி எழுப்பாது. நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி போக அங்கே கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். மக்னீசியம் அந்த நுழைவைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. மக்னீசியம் குறைந்தால் நரம்பு சின்னத் தூண்டலுக்கும் பொசுக்கென்று சுட்டுவிடும். அது ரொம்பக் குறைந்தால் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது மட்டுமல்ல. நான் சாப்பிடுவது உள்ளே சேர்கிறதா, சேர்ந்தது தங்குகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

இதை வைத்துப் பாலைப் பாருங்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி, உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் குறைவாகத்தான் சுரக்கிறது. அதனால் வருவது வயிற்று உப்புசம், கடமுடா, பேதி. கால் துடிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நாள்பட்ட பேதி இருந்து அதில் மக்னீசியம் வெளியேறிக்கொண்டே இருந்தால் சுற்றிவளைத்துத் துடிப்பு வரலாம், அவ்வளவுதான். நான் பாலை முழுதாக நிறுத்தினேன். வயிறு லேசானது உண்மை. மாலையில் பெல்ட்டைத் தளர்த்த வேண்டிய அவசியம் போனது. காலில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பக் குடித்தபோது வயிறு கடமுடா என்றது, கால் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மட்டும் போதாது, திரும்பச் சேர்த்தும் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். இந்தத் துடிப்பு தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். இறங்கும் நேரத்தில் எதை விட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும்.

பாலை விட்ட காலத்தில் பட்ட பாடு வேறு. ஒரு விருந்தில் உட்கார்ந்து "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால் போதும், அது சமைத்தவரை அவமானப்படுத்திய மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம்தானே, ஒரு வாய் சாப்பிட்டால் என்ன, இதெல்லாம் இப்போது வந்த பழக்கம் என்று ஆளுக்கு ஒன்று. ஒருவர் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய அவருக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டிய கடமைகூட அவருக்கு இல்லை. வயிற்றுக் கோளாறை மேஜையில் விளக்கச் சொல்லி ஒருவரை நிறுத்தி வைப்பது எந்த வகை உபசரிப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் நீங்களும் இதில் மாட்டப் போகிறீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

சரி, கோதுமை. சீலியாக் என்று ஒரு நோய் உண்டு. ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே கிளம்பி, சிறுகுடலின் உட்பரப்பைத் தேய்த்துவிடும். தேய்ந்த குடலால் மக்னீசியம், கால்சியம், வைட்டமின் டி, இரும்பு எதையும் சரியாக உறிஞ்ச முடியாது. சிலருக்கு நரம்புகளையும் நேராகத் தாக்கும். ஆகவே கோதுமைக்கும் துடிப்புக்கும் தொடர்பு இருக்க முடியும் என்பதை நான் மறுக்கவே இல்லை. "நான் கோதுமையை விட்டேன், எல்லாம் போய்விட்டது" என்று எழுதுபவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்லவில்லை. அவருக்குச் சீலியாக்கே இருந்திருக்கலாம்.

ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, அதாவது இந்த நோயில் உடம்பு உண்டாக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருள்களைப் பார்க்கும் டிடிஜி ஐஜிஏ, நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகப் பேசும். நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள்கள் மெல்ல வடிந்துவிடும், நோய் இருந்தாலும் இல்லை என்று வரும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது. முதலில் விட்டுவிட்டு, பிறகு சோதனைக்காக மறுபடி சாப்பிடத் தொடங்கி, அந்த வாரங்களைப் படுத்த படுக்கையாகக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதுவே பிறவியில் குறைவாக இருக்கும், அப்போது முதல் சோதனையை நம்ப முடியாது. எனக்கு இரண்டும் பார்த்தார்கள், சீலியாக் இல்லை. நான் கோதுமையை விடவில்லை.

இங்கே எனக்கு ஒரு ஆறாத கோபம் உண்டு. ஒரு பரிசோதனைக் கூடத்தில் "உணவு ஒவ்வாமைப் பேனல்" என்று ஒன்றை என் தலையில் கட்டினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட உணவுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் தினமும் சாப்பிடுவதெல்லாம் சிவப்பு, எப்போதோ சாப்பிடுவது பச்சை. அதில் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள். ஒரு உணவு உடம்புக்குப் பழக்கமானால் இயல்பாகவே உண்டாவது அது. ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது அடையாளமே அல்ல, இதை வைத்து உணவை விலக்காதீர்கள் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008லேயே எழுதி வைத்துவிட்டது. அப்படியும் விற்கிறார்கள். அந்தச் சிவப்புப் பட்டியலை நம்பிப் பருப்பு, கொட்டைகள், முழுதானியம் எல்லாவற்றையும் விட்டவர் கதி என்ன? மக்னீசியம் நிறைய இருப்பதே அவற்றில்தான். துடிப்பு போக வேண்டும் என்று போய், துடிப்புக்கான காரணத்தை விலை கொடுத்து வாங்கி வருகிறார். நான் அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் நீட்டினேன், அவர் ஓரமாக வைத்துவிட்டு வேறு ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. "என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?"

நெஞ்செரிச்சலுக்காக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எடுத்துக்கொண்டிருந்தேன். சில வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரை, ஆண்டுக்கணக்கில் ஓடியது. எழுதியவரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கப்புறம் பார்த்த யாரும் கேட்கவில்லை. இந்த வகை அமில மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் ரத்தத்தில் மக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் பார்த்தவர்களில் ஏறக்குறைய கால் பங்குப் பேருக்கு மக்னீசியம் மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை, அமில மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. எனக்கு ரத்தத்தில் மக்னீசியம் இயல்பு அளவுக்குக் கீழே இருந்தது. உடம்பின் மொத்த மக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே ரத்தத்திலேயே குறைந்து தெரிகிறது என்றால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது என்றார். வைட்டமின் டியும் குறைவு. தைராய்டு, கால்சியம், பி12 சரியாக இருந்தன.

இன்னொரு பக்கம் காபி. நெஞ்செரிச்சலுக்கும் அதற்கும் கூட்டு, தூக்கத்தைக் கெடுப்பதிலும் அதற்குப் பங்கு. காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்தால் இரவு 10 மணிக்குப் பாதி உள்ளே இருக்கும், விடியற்காலை 3 மணிக்குக் கால் பங்கு இருக்கும். காஃபீன் நரம்பைக் கிளப்பிவிடுவது ஒன்று, தூக்கமின்மை அதே வேலையைச் செய்வது இன்னொன்று. நண்பகலுக்குப் பிறகு காபியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் சில நாள் தலைவலி வரும், அதைப் புது நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நெஞ்செரிச்சல் தணிந்த பிறகு அந்த மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார். சட்டென்று நிறுத்தினால் அமிலம் எதிர்வீச்சாகப் பொங்கும், நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிற்றில் ரத்தக் கசிவு வந்தவர்கள், ரத்தம் கசிய வைக்கக்கூடிய இதய மருந்து எடுப்பவர்கள் என்று சிலருக்கு அந்த மாத்திரை கட்டாயம் தேவைப்படும்.

மக்னீசியம் ஏற ஏறக் கட்டைவிரல் வெட்டுவது நின்றுவிட்டது. கெண்டைக்கால் வெகுவாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. தூக்கம் கெட்ட மறுநாளும், வெகுதூரம் நடந்த இரவும் இன்னும் எட்டிப் பார்க்கும். இப்படித் துடிப்பது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு, பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் விட்டுவிட்டேன்.

"அப்படியானால் எல்லாரும் மக்னீசியம் மாத்திரை போடலாமே" என்று ஒருவர் கேட்பார். குறைவு இருந்தவர் நான். குறைவே இல்லாதவருக்கு அது துடிப்பை நிறுத்தும் என்று என்னால் சொல்ல முடியாது. வயதானவர்களின் தசைப்பிடிப்புக்கு அது பெரிதாகப் பயன்படுவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2020இல் சொன்னது. அதிகமானால் பேதி ஆகும், பேதியில் உள்ளதும் போகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. பி6 அதிகமாக உள்ள நரம்புச் சத்து மாத்திரைகளிலும் கவனம் தேவை. அளவு மீறி நாள்பட எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஆகவே உங்களுக்கு: கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டிடிஜி ஐஜிஏவும் மொத்த ஐஜிஏவும், கூடவே மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், வைட்டமின் டி, பி12, தைராய்டு. அது முடிந்த பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு உணவை நிறுத்துங்கள். என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன், எங்கே துடித்தது என்று நோட்டில் எழுதுங்கள், சில வாரம் கழித்து அதைத் திரும்பச் சேருங்கள். நடுவில் கையிலோ காலிலோ பலம் குறைவது தெரிந்தால் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் கேள்வியில் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். என்னென்ன மாத்திரைகள், எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள் என்பதையும் அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்வதையும் சேர்த்து.