ஆடாத மேட்ச்சின் மண்

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வருடம் எங்கள் கல்லூரி ஃபுட்பால் டீமில் லெஃப்ட் பேக்காக எல்லா மேட்ச்சும் ஆடினேன். இந்த வருடம் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்ததும் கோச் என்னை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஆறு மேட்ச்சில் மொத்தம் 20 நிமிடம்தான் இறங்கினேன். வீட்டில் இது தெரியாது. ஆடாத நாளிலும் ஜெர்சியில் கொஞ்சம் மண் தடவிக்கொண்டுதான் போவேன், வேலை முடிந்து வந்து அம்மா துவைத்துப் போடுவார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை கிடைக்கும் என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். இன்னும் நான்கு மேட்ச் பாக்கி இருக்கிறது. கோச் பாரபட்சம் பார்க்கிறார். இப்போதே டீமை விட்டு விலகிவிடலாமா?

பதில்: தம்பி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து வருடா வருடம் எனக்குக் கடிதம் வருகிறது. கபடி, வாலிபால், ஃபுட்பால் என்று ஆட்டம் மாறும். கோச் பாரபட்சம் பார்க்கிறார் என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 88ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெர்மனியின் கோட்சே, கூடுதல் நேரத்தில் கோல் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கதையை உன் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். நடந்ததுதான். அதைச் சொல்லி நான் உன்னைத் தேற்றப் போவதில்லை.

கோச்சைப் பற்றி நீ இரண்டு பக்கம் எழுதியதைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அந்த மண்ணைப் பற்றிய வரியில் ஓர் எழுத்தைக்கூட வெட்டவில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

எப்படித் தடவினாய்? லெஃப்ட் பேக் சறுக்கிப் பந்தைத் தட்டினால் ஷார்ட்ஸிலும் இடுப்புப் பக்கத்திலும்தான் மண் அப்பும். நெஞ்சில் தடவினால் அம்மா நம்ப மாட்டார் என்று உனக்குத் தெரியும். பாட்டில் தண்ணீரில் மண்ணைக் குழைத்தாயோ, எல்லாரும் போன பிறகு ஓரமாகப் படுத்துப் புரண்டாயோ, எப்படியும் யோசித்துத்தான் செய்திருக்கிறாய். அதை வீட்டில் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். காலையிலிருந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர், நீ ஆடாத மேட்ச்சின் மண்ணைக் குனிந்து தேய்த்தார். அந்த நேரத்தில் உனக்குச் சோறு எப்படி இறங்கியது?

இன்னொன்றும் கேள். அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? போன வருடம் முழுக்க உன் ஜெர்சியைத் துவைத்தவர் அவர். 90 நிமிடம் ஓடியவன் ஜெர்சி எப்படி இருக்கும், கழுத்துப் பட்டையில் எவ்வளவு அழுக்கு ஏறும், வியர்வை எப்படி வீசும் என்று உன் கோச்சைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வியர்வையே இல்லாமல் மண் மட்டும் இருக்கிற துணி கைக்கு வந்த அன்றே அவருக்குப் புரிந்திருக்கும். நீயாகச் சொல்வாய் என்று வாயை மூடிக்கொண்டு துவைத்துப் போடுகிறார். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா விஷயம் இதைவிட மோசம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் கல்லூரி டீமில் பெயர் இருந்தாலே அது கைக்கு வந்துவிடாது. மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஆடிப் பதக்கம் வாங்கியவர்கள் நிற்கிற வரிசை அது. உன் அப்பா அங்கே உனக்காகத் துண்டு போட்டு வைத்திருக்கிறார். குரூப் 4 தேர்வுக்குப் படி என்று உன்னை விரட்ட வேண்டியவர், மகன்தான் ஆடுகிறானே என்று நிம்மதியாக இருக்கிறார். உன் பொய் உன் வெட்கத்தை மறைப்பதோடு நிற்கவில்லை. வீட்டுக் கணக்கையே தப்பாகப் போட வைக்கிறது.

பிள்ளைக்கு ஒரு சறுக்கல் என்றால் அதை முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீயோ அவர்களை டிக்கெட் வாங்கிக்கொண்டு மேட்ச் பார்க்க வந்தவர்கள் மாதிரி நடத்துகிறாய். அதுவும் வியாசர்பாடியில்! குட்டி பிரேசில் என்று பெயர் எடுத்த இடம். ஊரே ஃபுட்பால் பேசும். டீக்கடையில் யாராவது உன் அப்பாவிடம், “பையன் ஏன் இப்போ இறங்கறதில்ல?” என்று கேட்பதற்கு முன்னால் நீ போய்ச் சொல். இன்று ராத்திரியே சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். விலகாதே. உலகக் கோப்பையில் 1970க்கு முன்னால் ஆள் மாற்றவே முடியாது. அடிபட்டவர் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், முடியாவிட்டால் டீம் பத்துப் பேரோடு ஆட வேண்டும். பெஞ்சில் ஒருவன் தயாராக இருப்பதன் அருமை அப்போது ஆடியவர்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு நாளைக்குக் கணுக்கால் பிசகினால் இடது பக்கம் யார் நிற்பது? பையன், பையன் என்றே எழுதியிருக்கிறாய், அவன் பெயரைக்கூட எழுதவில்லை. பிராக்டிஸில் அவனோடு பேசு. கோச்சிடம் தனியாகப் போய், “சார், என்கிட்ட என்ன குறை?” என்று மட்டும் கேள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதே. நான்கு மேட்ச்சும் முடியட்டும். அடுத்த வருடம் ஆடுவதா வேண்டாமா என்பதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்.

அடுத்த மேட்ச் ஒன்றுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கட்டும்.

அப்புறம், இனிமேல் உன் ஜெர்சியை நீதான் துவைக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் ஊறவை. மீதியை அம்மாவிடம் கேள், சொல்லித் தருவார்.